வெளிநாட்டு நண்பருக்காக இங்கே சொத்தை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களோடு படித்தவர்களில் பாதிப் பேர் துபாய், சிங்கப்பூர், டல்லஸ் என்று போய்விட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு மனையோ ஃபிளாட்டோ வாங்கிப் போட்டவர்கள், இனித் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் விற்கப் பார்க்கிறார்கள். ஊரில் இருக்கிறவனுக்குத்தான் போன் வரும்: "மச்சான், நீ கொஞ்சம் பார்த்து முடிச்சுக் குடுடா." அப்படித் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொத்து தமிழ்நாட்டில், உரிமையாளர் வெளிநாட்டில், விற்றுக் கொடுப்பவர் உறவினர் அல்லாத நண்பர். இந்த நிலைமைக்கு மட்டுமே இது பொருந்தும். வரி விகிதங்களும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். கையெழுத்துப் போடும் வாரத்தில் ஒரு வக்கீலிடமும் ஒரு ஆடிட்டரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பன் வாட்ஸ்அப்ல "வித்துடு"ன்னு சொல்லிட்டான். அது போதாதா?

ஆள் தேடவும், வீட்டைத் திறந்து காட்டவும், விலை பேசவும் போதும். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் அதற்கு மதிப்பில்லை. விற்பனை ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் அவருக்காக நீங்கள் கையெழுத்திட எழுத்துமூலமான பவர் (அவருக்காகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். அது கைக்கு வருவதற்கு முன் யாரிடமும் ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பவர் வந்துவிட்டால் சொத்து உங்களுடையது போல ஆகிவிடாது. பவர் மட்டும் எழுதிக்கொண்டு நடத்தும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "கிரயம் எதுக்கு, அந்தப் பவரையே எங்களுக்கு மாத்திக் குடுங்க, செலவு மிச்சம்" என்று யாராவது வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஜெனரல் பவரா, ஸ்பெஷல் பவரா?

இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான பவர் போதும். "எனக்குச் சொந்தமான சகல சொத்துக்களையும்" என்று எழுதிக் கொடுக்க நண்பர் தயாராக இருந்தாலும் நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அவர் குடும்பத்தில் ஒரு தகராறு வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து இழுபடும்.

உள்ளே இருக்க வேண்டியவை: சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, ஃபிளாட் என்றால் பிரிபடாத மனைப்பங்கு. விற்பனை ஒப்பந்தம் எழுத, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, சார் பதிவாளர் முன் ஆஜராகி எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ள அதிகாரம். இதையெல்லாம் எல்லா ஆவண எழுத்தர்களும் போட்டுவிடுவார்கள். அவர்கள் போடாத இரண்டு வரிகளை நீங்கள் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்று, "ரூபாய் இவ்வளவுக்குக் குறையாமல்" என்ற அடிவிலை. மற்றது, "கிரயத் தொகை முழுவதும் எனது இன்ன வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும், எனது முகவருக்குத் தொகை பெற அதிகாரமில்லை." கடைசி வரி நண்பரைக் காப்பதைவிட உங்களைத்தான் அதிகம் காக்கும்.

அவன் அங்க இருந்தே பவர் எழுத முடியுமா, நேர்ல வரணுமா?

அங்கிருந்தே எழுதலாம். பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இந்தியத் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ பாஸ்போர்ட்டோடு போய் அதிகாரி முன்னால் கையெழுத்திடுவது ஒரு வழி. அந்த ஊர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) பெறுவது இன்னொரு வழி. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூரில் இது நடக்கும். அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை, ஆகவே துபாய்க்காரர்கள் துணைத் தூதரகம் போவதே நல்லது. எந்த வழியானாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, புகைப்படம், இரண்டு சாட்சிகள் இருக்கட்டும்.

அசல் கூரியரில் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதை அட்ஜுடிகேஷன் என்பார்கள். வந்து சேர்ந்த தேதிக்கு ஆதாரம் அந்தக் கூரியர் கவர்தான், கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் பிரதியை வைத்துக்கொண்டு எந்தப் பதிவும் நடக்காது.

லீவுல வரும்போது இங்கேயே பவரைப் பதிவு பண்ணிட்டா சுலபம்தானே?

அலைச்சல் குறைவு, செலவு கூடுதல். தமிழ்நாட்டில் எழுதப்படும் சொத்துப் பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்தார் அல்லாத ஒருவருக்கு விற்கும் அதிகாரம் கொடுத்தால், 2023 ஜூலையிலிருந்து பதிவுக் கட்டணம் சந்தை மதிப்பில் 1 சதவீதம். 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 80,000 ரூபாய். உங்கள் நட்பு எத்தனை வருஷத்து நட்பு என்று அந்த அட்டவணை கேட்காது. வெளிநாட்டில் எழுதியதற்கு இந்தக் கட்டாயப் பதிவு கிடையாது.

என்னைக் கேட்டால், லீவில் வருகிறவர் பவர் எழுதுவதற்குப் பதில் அந்த வாரத்திலேயே கிரயத்தை முடிக்கப் பார்க்கலாம். ஆள் தயாராக இருந்தால் பவரே வேண்டாம்.

பத்திரத்துல "கே. ரவி", பாஸ்போர்ட்ல "ரவி கந்தசாமி". ஏதும் பிரச்சினை வருமா?

வரும். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், பான் அட்டையில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். வாங்குபவரின் வங்கி வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். பவரிலேயே "கே. ரவி என்கிற ரவி கந்தசாமி" என்று இரண்டு பெயரையும் எழுதி, பாஸ்போர்ட் எண், பான் எண், தந்தை பெயர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரத்தையும் அதே நாளில், அதே நோட்டரி முன்னாலேயே எழுதி வாங்கினால் இரண்டாவது கூரியர் மிச்சம்.

மனைவி பேரும் பத்திரத்துல இருக்கு. அவன் மட்டும் பவர் குடுத்தா போதாதா?

போதாது. பத்திரத்தில் பெயர் இருக்கும் எல்லோரும் கொடுக்க வேண்டும். வரிப் பிடித்தமும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக நடக்கும்.

ஆளைத் தேடறதுக்கு முன்னாடி என்னென்ன பேப்பர் பார்த்து வைக்கணும்?

அசல் கிரயப் பத்திரம் எங்கே என்பதிலிருந்து தொடங்குங்கள். "அம்மாகிட்ட இருக்கு" என்பார். அம்மா "பேங்க்ல இருக்கு" என்பார். கடன் போட்டு வாங்கியிருந்தால், கடன் அடைந்த பிறகும் வில்லங்கச் சான்றில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான) பதிவு அப்படியே கிடக்கும். வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்தால்தான் அது நீங்கும். பதிவுத்துறைத் தளத்தில் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மனையாக இருந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த்துறைத் தளத்தில் பாருங்கள். மனையை வாங்கிப் போட்டுவிட்டு விமானம் ஏறியவர்களில் பலர் பட்டா மாற்றியதே இல்லை. சொத்து வரி, மின் கட்டணம், சங்கப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றின் பாக்கியையும் ஒரே தாளில் எழுதி நண்பருக்கு அனுப்பிவிடுங்கள்.

புறநகர் மனை என்றால் அங்கீகாரம் முக்கியம். 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான அங்கீகாரமற்ற மனையை மறுபடி பதிவு செய்யலாம். ஆனால் வரன்முறைப்படுத்தாத மனைக்கு வீட்டுக் கடனும் கட்டட அனுமதியும் கிடைப்பது கஷ்டம். விலை அங்கேயே இறங்கும். அப்புறம், நேரில் போய் நின்று பாருங்கள். பல வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத மனையில் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டகை இருக்கலாம், உங்கள் நண்பரின் கல்லே காணாமல் போயிருக்கலாம்.

அது விவசாய நிலம்னா?

வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்திருந்தாலோ, போவதற்கு முன் வாங்கியிருந்தாலோ வைத்திருக்கலாம், விற்கலாம். ஆனால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். நண்பரோடு வேலை பார்க்கும் இன்னொரு என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) நல்ல விலை சொன்னாலும் ஆகாது. வீடு, ஃபிளாட், வீட்டுமனைக்கு இந்தத் தடை இல்லை.

அட்வான்ஸை என் அக்கவுண்ட்ல வாங்கிக்கலாமா? நண்பனே பரவாயில்லைங்கறான்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: வேண்டாம். "அவன் என்ஆர்ஓ கணக்கு செயல்படாம இருக்கு, இப்போதைக்கு உன் கணக்குல போடட்டும்" என்றுதான் எப்போதும் ஆரம்பிக்கும். (என்ஆர்ஓ என்பது வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு.) 10 லட்சம் உங்கள் கணக்கில் வந்ததும் அது யாருடைய பணம் என்று வருமானவரித் துறைக்கு விளக்க வேண்டியவர் நீங்கள். அதை அப்படியே அவருக்கு வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. உங்கள் கணக்கிலிருந்து போனால் அது நீங்கள் அனுப்பும் பணமாகத்தான் பார்க்கப்படும், சொத்து விற்ற பணம் என்ற அடையாளம் போய்விடும்.

கணக்கு செயல்படாமல் இருந்தால் முதலில் அதை உயிர்ப்பிக்கட்டும். சில வாரம் தாமதமானால் ஆகட்டும். ஊரில் இருந்தபோது வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கையே இன்னும் வைத்திருக்கிறார் என்றால் அதையும் என்ஆர்ஓவாக மாற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

முன்பணம் வாங்கும் நாளில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அதுவும் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. காலக்கெடு, மீதித் தொகை, கெடு தவறினால் என்ன என்பதோடு, விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஏன் என்பது வரிக் கேள்வியில் வரும்.

பார்ட்டி "கொஞ்சம் கேஷா வாங்கிக்கங்க"ங்கறார். எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க?

அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அது போகட்டும், நடைமுறையைப் பாருங்கள். ரொக்கத்தை வாங்கி யார் வீட்டில் வைப்பீர்கள்? துபாயில் இருப்பவருக்கு எப்படி அனுப்புவீர்கள்? உண்டியல் (ஹவாலா) என்று யாராவது யோசனை சொன்னால் அதில் மாட்டுவதும் நீங்கள்தான். அவர் விமானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வாங்குறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சா போதும்ங்கறார். சரியா?

தவறு. டிடிஎஸ் என்பது விலையைக் கொடுக்கும்போதே வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. 1 சதவீதம் என்பது விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது பிடிப்பது. விற்பவர் என்ஆர்ஐ என்றால் கணக்கு வேறு, 50 லட்ச வரம்பும் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதம், அதோடு வருமானத்துக்கு ஏற்ற சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் (இரண்டும் வரியின் மேல் போடும் கூடுதல் வரிகள்). 24 மாதம் தாண்டாதது என்றால் 30 சதவீதத்தில் போய் நிற்கும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வாய்ப்பு உள்ளூர்க்காரர்களுக்கு உண்டு, என்ஆர்ஐக்கு இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் 90 லட்சத்துக்குப் போகிறது. லாபம் 60 லட்சம். அதற்கு 12.5 சதவீதம் 7.5 லட்சம், 10 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 8.58 லட்சம். இதுதான் நண்பர் கட்ட வேண்டிய வரி. ஆனால் வாங்குபவருக்கு லாபம் எவ்வளவு என்று தெரியாது. அவருடைய ஆடிட்டர், பத்திரமாக இருக்கட்டும் என்று முழு 90 லட்சத்துக்கும் பிடிக்கச் சொல்வார்: 12.87 லட்சம். கூடுதலாகப் போன 4.29 லட்சத்தைத் திரும்ப வாங்க நண்பர் ரிட்டர்ன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, விற்பதற்கு முன்பே வருமானவரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஒப்பந்தம் போட்ட கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். முன்பணத்துக்கும் டிடிஎஸ் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

1 சதவீதம் மட்டும் பிடித்துவிட்டால் மீதி வாங்குபவர் தலையில்தான் விழும். அதனால் ஒப்பந்தத்திலேயே என்ஆர்ஐ என்று எழுதச் சொன்னேன். பிறகு "நீங்க சொல்லவே இல்லையே" என்று உங்களிடம் யாரும் வரமாட்டார்கள். வாங்குபவர் இதற்கென டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுப்பது நெடுநாள் நடைமுறை. 2026 பட்ஜெட்டில் அதைத் தளர்த்துவதாக அறிவித்தார்கள்; பதிவு நாளில் எது அமலில் இருக்கிறது என்று அவரது ஆடிட்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அவன் பான் "செயலற்றது"ன்னு காட்டுது. என்ன செய்ய?

ஆதாரோடு இணைக்காததால் வந்தது. என்ஆர்ஐக்கு அந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் துறையின் பதிவேட்டில் அவர் இன்னும் உள்ளூர்வாசியாகவே இருப்பார். வெளிநாட்டில் வசிப்பவர் என்று நிலையை மாற்றச் சொல்லி, பாஸ்போர்ட் பக்கங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வரிப் பிடித்தத்தில் சிக்கல் வரும்.

இப்ப அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டான். நம்ம ஊர் சொத்தை விக்க முடியுமா?

முடியும். பவர் எழுதும் முறை மேலே சொன்னதுதான். பவரில் குடியுரிமையை உள்ளபடி எழுதி, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள். அமெரிக்காவில் உலகின் எந்த மூலையில் வந்த லாபத்தையும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. அது அவரும் அவருடைய அங்குள்ள ஆடிட்டரும் பார்க்க வேண்டியது. உங்கள் வேலை டிடிஎஸ் சான்றிதழை வாங்கி அனுப்புவதோடு சரி.

பதிவு அன்னிக்கு எனக்கு வேற வேலை. பவரோட என் தம்பியை அனுப்பலாமா?

முடியாது. பவர் உங்களுக்கு மட்டும்தான். வேறொருவரை நியமிக்கும் அதிகாரம் பவரிலேயே எழுதப்பட்டிருந்தால் தவிர, கைமாற்ற முடியாது.

சரி, அன்னிக்கு என்ன கேப்பாங்க?

முத்திரைத் தீர்வை முடிந்த அசல் பவர், உங்கள் ஆதாரும் பானும், மூலப்பத்திரம், இரண்டு சாட்சிகள். பவர் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் நண்பர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அதையும் தூதரகத்திலோ நோட்டரியிடமோ புதிதாக வாங்கி அனுப்ப வேண்டும், எனவே தேதி முடிவானதும் சொல்லிவிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வாங்குபவர் செலவு.

கையெழுத்துக்கு முன் ஒரு காரியம். மீதித் தொகையை ஆர்டிஜிஎஸ் செய்துவிட்டேன் என்று வாங்குபவர் போனைக் காட்டுவார். அந்தத் திரையை நம்பாதீர்கள். நண்பரை அழைத்து, அவர் தன் வங்கிச் செயலியைத் திறந்து "வந்துடுச்சு" என்று சொன்ன பிறகுதான் பேனா திறக்க வேண்டும். டல்லஸில் அப்போது நடுராத்திரியாக இருக்கும். பரவாயில்லை, விழித்திருக்கட்டும்.

நடுவுல அவன் மனசு மாறிட்டா? இல்ல, அவனுக்கே ஏதாவது ஆயிட்டா?

மனம் மாறினால் பவரை ரத்து செய்யலாம். அதற்குள் நீங்கள் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டும், அதனால் ஒப்பந்தத்தின் வரைவை அவர் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

இறந்துவிட்டால் பவர் அன்றோடு முடிந்தது. "செய்தி இன்னும் யாருக்கும் தெரியாது, நாளைக்கே பதிவை முடிச்சுடலாம்" என்று குடும்பத்தாரே சொல்லக்கூடும், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். அப்படிச் செய்த கிரயம் நிற்காது, குற்ற வழக்கும் வரலாம். வாரிசுச் சான்று வாங்கி வாரிசுகளே விற்கட்டும், அல்லது அவர்கள் புதிதாகப் பவர் கொடுக்கட்டும்.

எனக்கே அந்த வீடு பிடிச்சிருக்கு. நானே வாங்கிக்கலாமா?

பவரை வைத்து உங்களுக்கு நீங்களே கிரயம் எழுதாதீர்கள். உங்கள் மனைவிக்கோ மச்சானுக்கோ எழுதினாலும் அதே கதைதான். முகவர் தன் லாபத்துக்காக, முழு விவரமும் சொல்லிச் சம்மதம் வாங்காமல் நடத்திய வியாபாரத்தை உரிமையாளர் மறுக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. உண்மையிலேயே வேண்டுமென்றால் சந்தை விலையை வெளியில் விசாரித்துச் சொல்லி, அவரே வந்து உங்களுக்குக் கையெழுத்துப் போடட்டும்.

இவ்வளவு அலையறேன், எனக்குன்னு ஏதாவது எடுத்துக்கலாமா? அவன் சொன்ன விலைக்கு மேல வந்தா அந்த மீதி?

அடிவிலைக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் அவருடையது. சொல்லாமல் எடுத்தால் அது மோசடி, நட்பிலும் சட்டத்திலும். அலைச்சலுக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. ஆரம்பத்திலேயே தொகையைப் பேசி மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசக் கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு முகம் பார்க்காமல் போகிறார்கள். அந்தக் கூலி உங்கள் வருமானம், வரி உண்டு. அன்பளிப்பு என்று கொடுத்தாலும், நண்பர் உறவினர் பட்டியலில் வரமாட்டார் என்பதால், ஒரு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி.

வித்த பணத்தை அவன் எப்படி அங்க எடுத்துட்டுப் போவான்?

என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்றிதழும், வருமானவரித் தளத்தில் ஓர் அறிவிப்பும் வேண்டும். வங்கி கிரயப் பத்திர நகலும் கேட்கும். பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும்.

பதிவு முடிஞ்சாச்சு. என் வேலை முடிஞ்சுதா?

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. செலவுக் கணக்கை ரசீதுகளோடு அனுப்புங்கள், நண்பர் கேட்காவிட்டாலும். கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. வாங்குபவர் டிடிஎஸ்ஸைக் கட்டிவிட்டாரா என்று நண்பரை வருமானவரித் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. மின் இணைப்பும் சொத்து வரியும் பெயர் மாறியதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பவர், கிரயப் பத்திர நகல், ஒப்பந்தம், டிடிஎஸ் சான்றிதழ், மின்னஞ்சல்கள் எல்லாவற்றிலும் உங்களுக்கென ஒரு பிரதி வைத்திருங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் வரிக்காக இங்கே அவர் சார்பில் இருந்தவரைக் கேட்கவும் வருமானவரிச் சட்டத்தில் வழி உண்டு, நோட்டீஸ் சில வருடம் கழித்தும் வரும். அசல் பவர் வேறு எதற்கும் பயன்படாது என்றால், நண்பரிடம் ஒரு ரத்துப் பத்திரம் எழுதி வாங்கி, அதே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.